கணக்கில் இல்லாத துடிப்பு

மின்சாரத்துக்குக் கண் கிடையாது. முதலாளி தொட்டாலும் ஒன்றுதான், மூட்டை தூக்குகிறவர் தொட்டாலும் ஒன்றுதான். எங்கள் மில்லுக்கு வரும் புது எலக்ட்ரீஷியன்களை இந்த ஒரு வசனத்தை வைத்தே பல வருடம் மிரட்டி வேலை வாங்கியிருக்கிறேன். சங்கமித்ரா வந்தாள், என் வசனத்துக்கு வேலை போயிற்று.

உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும் பொட்டல் காட்டில் இருக்கிறது வஞ்சிமுத்து மில். பஞ்சு உள்ளே போகும், நூல் வெளியே வரும். நான் அங்கே எலக்ட்ரிக்கல் மேனேஜர், பெயர் ரங்கராஜ். ஒரு நூற்பாலையில் கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் போதும், ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு இயந்திரங்களில் ஆயிரக்கணக்கான இழைகள் அறுந்துவிடும். அத்தனையையும் பெண்கள் விரலால் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதனால் கரண்டை நிறுத்துவது என்றாலே எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். தப்பித்தவறி நிறுத்திப் பழுது பார்த்தால், ஸ்விட்சில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஓர் அட்டையைக் கழிவு நூலில் கட்டித் தொங்கவிடுவோம். நூல் மில்லில் நூலுக்கா பஞ்சம்? அந்த நூல் அறுந்து அட்டை கீழே விழுந்தால், அடுத்த ஷிப்டு ஆள் ஒன்றும் தெரியாமல் ஸ்விட்சைப் போட்டுவிடுவான். முன்பு நான் வேலை பார்த்த மில்லில் அப்படிப் போன சின்னராசு என்ற ஃபிட்டரைப் பேனலுக்குள்ளிருந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கோவை இன்ஜினியரான சங்கமித்ரா வடிவமைத்த மின் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் பெயர் 'காவல்'. எங்கள் ஜெனரல் மேனேஜர் லோகநாதன் அதை வாங்கியதே மின்கட்டணம் குறையும் என்பதற்காகத்தான். எந்த மோட்டாருக்கு எப்போது எவ்வளவு தேவையோ அதை மட்டும் அளந்து கொடுக்கும். உயிர்ப் பாதுகாப்பு அதோடு சேர்ந்து வந்தது, காய்கறிக் கடையில் கொடுக்கும் கருவேப்பிலைக் கொசுறு மாதிரி.

தொடங்கி வைத்த நாளன்று அவள் பேனல் அறைக்குள் போய், மில்லுக்கே கரண்டு கொண்டுபோகும் தடித்த செம்புப் பட்டையின் மேல் வெறுங்கையை வைத்தாள்.

"சார், மெயினைப் போடுங்க."

"என்னம்மா விளையாட்டு இது? மொதல்ல கைய எடு."

"எடுக்க மாட்டேன். போடுங்க சார்."

"நான் போட மாட்டேன். ரிட்டயர் ஆகற நேரத்துல ஜெயிலுக்குப் போகச் சொல்றியா?"

அவளே மறு கையால் பொத்தானை அழுத்திவிட்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் மில் முழுக்க வெளிச்சம். அவள் கை அதே பட்டையில், அதே இடத்தில். அந்த முழ நீளத் துண்டில் மட்டும் கரண்டு இல்லை. நடுரோட்டில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியை பஸ் ஒதுங்கிச் சுற்றிப் போவதுபோல, அவள் கையை விட்டுவிட்டு அது வேறு பட்டை வழியாகப் போயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கும்பிட வேண்டும் என்று தோன்றியது, வெட்கப்படாமல் கும்பிட்டேன்.

"இதுக்கு எப்படிம்மா தெரியும், அங்க ஆள் கை இருக்குன்னு?"

"இதயம் அடிக்கிறதே ஒரு சின்ன கரண்டுதான் சார். அதைத்தான் ஆஸ்பத்திரியில ஈசிஜியா எடுக்கிறாங்க. நம்ம மில்லுல மெஷின் உடம்பு, கைப்பிடி, தரையில போட்ட தகடு எல்லாத்தையும் எர்த் கம்பியில பிணைச்சிருக்கோம் இல்லையா? ஆள் எங்க நின்னாலும் அந்தத் துடிப்போட நிழல் கம்பியில விழும். காவல் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

"இத்தனை மோட்டார் இரைச்சல்ல அது கேக்குமா?"

"கேக்கும். சரியாக் கேக்கலைன்னா பக்கத்து மோட்டாரை நிறுத்திட்டுக் கேக்கும். அப்பவும் சந்தேகம்னா அதுக்கு அடுத்தது. சந்தேகம் தெளியிற வரைக்கும் கரண்டு கிடையாது. நான் எழுதின முதல் விதியே அதுதான்."

என் மகள் வயதுதான் அவளுக்கு. பேச்சில் பெருமையே இல்லை. ரசத்துக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அதன்பின் மில்லில் வேலை செய்யும் எல்லாரும் ஆபீசில் ஒரு பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எங்கள் துடிப்பைப் பதிந்தோம். கைரேகையைப் போலத் துடிப்பும் ஆளுக்கு ஆள் வேறாம். கணக்கில் இல்லாத துடிப்பு ஓடுகிற இயந்திரத்தின் அருகில் கேட்டால் அந்த இயந்திரம் நின்றுவிடும். வேலை தெரியாத ஆள் உள்ளே வந்து அடிபடக் கூடாது அல்லவா? பல மாதம் ஒருவருக்குக்கூடச் சுரீர் என்று ஷாக் அடிக்கவில்லை. அட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில்தான் சிக்கல் வந்தது. ரிங் ஃப்ரேம் ஹாலில் ஓர் இயந்திரம் திடீரென்று நின்றது. திரையில் 'கணக்கில் இல்லாத ஆள்' என்ற எழுத்து. போய்ப் பார்த்தால் ஈ காக்கை இல்லை. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு ஓட்டினோம், மறுபடி நின்றது. மறுநாள் இன்னொரு வரிசையில் நின்றது. பூனையாக இருக்கும் என்று இயந்திரத்தின் அடியில் தடியை விட்டுத் துழாவினார்கள். "பாம்புக்கும் இதயம் இருக்குதுங்களே" என்று ஒருவர் ஆரம்பிக்க, மூன்று பெண்கள் ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டார்கள். இழைகள் அறுந்தன, பிணைத்தார்கள், மறுபடி அறுந்தன.

லோகநாதன் கொதித்துப் போனார். கெட்ட மனிதர் இல்லை. மூடவிருந்த மில்லைத் தலைகீழாய் நின்று நிமிர்த்தியவர். தினமும் காலையில் ஹாலுக்குள் நடந்து, ஒவ்வோர் இயந்திரத்தையும் மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோலத் தட்டிக்கொண்டே போவார். அப்படிப்பட்டவருக்கு நிற்கும் இயந்திரத்தைக் கண்டால் எப்படி இருக்கும்?

சங்கமித்ரா கோவையிலிருந்து வந்தாள். பேனல் அறையில் உட்கார்ந்து, எர்த் கம்பியின் சைகையை ஒலியாக்கி ஹெட்போனில் வெகு நேரம் கேட்டாள். அவள் முகம் மாறியது. ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.

முதலில் வெறும் இரைச்சல். அதற்குள் லப்டப் என்று ஒரு துடிப்பு. அதற்கும் அடியில், தையல் மெஷின் ஓடுவதுபோல, குடுகுடுவென்று இன்னொன்று.

"எலியா?" என்றேன்.

"இல்ல சார். எலின்னா தனியா அலையும். இது எப்பவும் ஒரே ஆளோட துடிப்பை ஒட்டியே போகுது. அவங்க எந்த வரிசைக்குப் போனாலும் கூடவே போகுது. மோனிஷான்னு ஒரு பொண்ணு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகு ஹெட்போனைக் கழற்ற மனம் வரவில்லை. அத்தனை மோட்டார்களின் கூச்சலுக்கு அடியில், ஒரு செம்புக் கம்பியில், இன்னும் உலகத்துக்கே வராத ஒன்று தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. காலமெல்லாம் கரண்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதற்குள் இப்படி ஒன்று கேட்கும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டோம். கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவள், ஒடிசலான பெண். விஷயத்தைச் சொன்னதும் சங்கமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க மேடம். எங்க மாமியாளுக்கே தெரியாதுங்க. மூணு மாசம் முடியாம வாயத் தொறக்கக் கூடாதுங்க. போன தடவ அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டுத்தான் நிக்காமப் போச்சுங்க."

"சொன்னதுனால போகலை மோனிஷா."

"உங்குளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியோணுமில்லீங்க? இன்னொண்ணுங்க, கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பிப்போடுவாரு. 'பெத்துட்டு வா'ம்பாரு. பெத்துட்டு வந்தா எடம் இருக்காதுங்க. எங்கூட்டுக்காரரு லாரிக்குப் போறவரு, மாசத்துல பாதி நாளு ஓட்டமில்ல."

சங்கமித்ரா ஹெட்போனை அவள் காதில் வைத்தாள். மோனிஷா முதலில் மிரண்டாள். பிறகு அப்படியே நின்றுவிட்டாள். கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"இதுங்களா? இத்தன வேகமா எங்கீங்க ஓடுது இது?"

வெளியே வந்து மழையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

லோகநாதன் முட்டாள் அல்ல. பூனையும் இல்லை, பாம்பும் இல்லை, சங்கமித்ரா மென்று விழுங்குகிறாள் என்றால் அவருக்குப் புரியாதா? அன்று பிற்பகல் எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். ஓமத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே பேசினார்.

"மூணு புள்ள பெத்தவன் நான். பொம்பளைங்க வேலை செய்யிற எடத்துல கணக்கில்லாத துடிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? யாருன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது சார்."

"சரி, வேண்டாம். ரங்கராஜ், அந்தப் பித்தளைத் தகட்டை மில் வாசல் கேட்டுல வைங்க. தினமும் கைய வச்சிட்டுத்தான் உள்ள வரணும். துடிப்பு பதிஞ்சபடி இல்லைன்னா ஆளைத் திருப்பி அனுப்பிடுங்க. அவுங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இந்தப் பஞ்சுத் தூசியில எதுக்கு நிக்கணும்?"

"சம்பளத்தோட அனுப்புவீங்களா சார்?" என்றாள் சங்கமித்ரா.

"அது கான்ட்ராக்டர் பாடு."

"பாதிப் பேருக்கு அவங்களுக்கே தெரியாது சார். அதுக்கு முன்னாடி உங்க வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிடும். இதை நான் உயிரைக் காப்பாத்த எழுதினேன். ஆளைக் கழிக்க எழுதலை."

லோகநாதன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க மேடம். சின்னத் துடிப்பைக் கணக்குலயே எடுக்காதேன்னு அந்த மெஷினுக்குச் சொல்லிடுங்க. இல்லைன்னா கேட்டுல தகடு. ரெண்டுல ஒண்ணு. என் ஃப்ரேம் நிக்கக் கூடாது."

கேன்டீனில் அவள் டீயை வாங்கி மேசையில் வைத்தாள். அப்புறம் என்னிடம் கணக்குச் சொன்னாள். கேட்காதே என்று சொல்லிவிட்டால், மோனிஷாவின் கை எசகுபிசகாக எங்கேனும் பட்டால், பெரிய இதயத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் பார்த்துத்தான் காவல் கரண்டை அறுக்கும். தாய்க்குச் சின்னதாய்ச் சுண்டிவிட்டதுபோல இருக்கும். உள்ளே இருப்பதற்கு அது இடி.

"அப்ப என்னதாம்மா செய்யறது?"

"கேட்டுக்கிட்டே இருக்கட்டும் சார். வெளியில சொல்லாம இருக்கட்டும்."

அன்றைக்கே சின்னத் துடிப்பைத் தாயின் பெயரிலேயே சேர்த்தாள். இனி எந்தப் பெண்ணிடம் இரண்டாவது துடிப்பு கேட்டாலும் காவல் அதையும் சேர்த்துக் காக்கும், திரையில் எழுதாது. இயந்திரங்கள் நிற்பது நின்றது. ஆனால் லோகநாதனுக்குத் தகடு ஆசை விடவில்லை. ஆளை முன்கூட்டியே கண்டுபிடித்து அனுப்ப ஒரு வழி கண்டவர் விடுவாரா? 'கேட்டுல எப்ப வைக்கிறீங்க?' என்று தினமும் கேட்டார். ஒயர் வரவில்லை, தகடு வரவில்லை, ஆள் வரவில்லை என்று கதை விட்டு நாளைக் கடத்தினேன். கடைசியில் தகடும் வந்து தொலைந்தது. வரும் திங்கட்கிழமை மாட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மோனிஷாவுக்கு இன்னும் மூன்று மாதம் முடியவில்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, நானும் சங்கமித்ராவும் பேனல் அறையில் இருந்தோம். அங்கிருந்து கண்ணாடி வழியாக ரிங் ஃப்ரேம் ஹால் முழுவதும் தெரியும். மோனிஷா வேலை செய்யும் வரிசையில் ஓர் இயந்திரம் நின்றது. நாங்கள் எழுந்திருப்பதற்குள் பக்கத்து இயந்திரம் நின்றது. பிறகு அதற்கடுத்தது.

"என்னம்மா ஆச்சு?"

"தேடுது சார்." சங்கமித்ராவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு துடிப்பு சரியாக் கேக்கலை. எதையோ தொலைச்சிட்டுத் தேடுது."

இருவரும் கீழே ஓடினோம்.

ஓட ஓட மில் எங்களைச் சுற்றி அணைந்துகொண்டே வந்தது. வரிசை நின்றது. அடுத்த வரிசை நின்றது. கூரையில் ஈரக்காற்று ஊதும் பெரிய விசிறிகள் சுழற்சி குறைந்து நின்றன. அப்பால், நூலைக் கோன்களில் சுற்றும் பகுதி நின்றது. கம்ப்ரசர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. கடைசியாக விளக்குகளும் போயின. அந்த ஹாலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பெண்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒரே ஒரு இதயம் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இத்தனை பெரிய ஆலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மோனிஷா இயந்திரத்தின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். வயிற்றில் கை வைக்கவும் பயம், வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவள் கண்கள் சங்கமித்ராவிடம் ஒரே கேள்வியைக் கேட்டன. சங்கமித்ரா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்று அவள் காதோரம் கிசுகிசுத்தாள். "உன்னோடதும் நல்லா இருக்கு, அதுவும் நல்லா இருக்கு. இது வேற யாரோ."

திரையில் பழைய எழுத்து வந்திருந்தது: 'கணக்கில் இல்லாத ஆள்'. இடமும் காட்டியது. அந்த இடத்தில் லோகநாதன் நின்றுகொண்டிருந்தார், ஓர் இயந்திரத்தின் தலையில் கை ஊன்றி.

"என்னய்யா இது அக்கிரமம்!" என்று கத்த முயன்றார். குரல் பாதியில் நின்றது. சட்டை முழுக்க வியர்வை.

"சார், உட்காருங்க. நீங்க பதிஞ்சு கொடுத்த துடிப்பு இது இல்ல."

"கேஸ் டிரபிள் மேடம். ஒரு வாரமாவே இருக்கு. ஓமம் போட்டா சரியாப்..."

அவர் கால் மடங்கியது. பக்கத்தில் இருந்தது மோனிஷாதான். பாய்ந்து பிடித்தாள். கீழே விழாமல் தாங்கி, இயந்திரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும் என்று சங்கமித்ரா டேப்லெட்டின் ஒலியைத் திறந்துவிட்டாள். மோட்டார் எதுவும் ஓடாத அந்த ஹாலில் அது பளிச்சென்று கேட்டது.

லோகநாதன் கண் திறந்து சற்று நேரம் கேட்டார்.

"இதுல... என்னோடது எது?"

"விட்டு விட்டு அடிக்குதே, அது சார். பேசாதீங்க."

"நிதானமா அடிக்கிறது?"

"மோனிஷாவோடது. உங்களைத் தாங்கிட்டு இருக்காங்களே, இவங்க."

"அப்ப அந்தக் குடுகுடுன்னு ஓடுறது?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சங்கமித்ராவின் விரல் ஒலியை அணைக்கப் போயிற்று. மோனிஷா வேண்டாம் என்று தலையசைத்தாள். குனிந்து, மடியில் கிடந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எம் புள்ளைங்க சார்."

லோகநாதன் அவளையே பார்த்தார். மூச்சு வாங்கியது.

"எத்தன மாசம்?"

"மூணு இன்னும் முடியலைங்க சார். ஊட்டுல கூட இன்னுஞ் சொல்லலீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. ஆனால் உதடு அசைந்தது.

"அப்ப என் காதுலயும் விழலை அம்மிணி. ரங்கராஜ், கேட்டுல ஒண்ணும் மாட்ட வேண்டாம்."

"சரிங்க சார்," என்றேன்.

தாராபுரம் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சங்கமித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒலியைக் குறைக்க மறுபடி கையை நீட்டினாள்.

"அதக் கொறைக்காதீங்க," என்றார் லோகநாதன். "வண்டி வர்ற வரைக்கும் அந்தச் சின்னது ஓடட்டும்."